தம்பலகாமத்து நெல்

ஐரோப்பாவில் வாழும் என் மருமகன் அண்மையில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். சுலோவேனியாவின் மாரிபோர் நகரில், பழைய வீடொன்றின் முகப்பில் படர்ந்திருக்கும் திராட்சைக் கொடி. வயது 400 ஆண்டுகளுக்கு மேல், இன்னும் காய்க்கிறது. அதன் பழத்தில் வடிக்கும் மதுவைச் சின்னஞ்சிறு புட்டிகளில் அடைத்து, நகருக்கு வரும் பெருமக்களுக்குப் பரிசாகக் கொடுப்பார்களாம். படத்தின் கீழே ஒரு கேள்வி: "மாமா, எங்கட பக்கம் இப்பிடி ஏதும் இருக்கோ?"

கொடி இல்லை. வயல் இருக்கிறது. தம்பலகாமத்து வயல்.

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியில் ஏறத்தாழ 24 கிலோமீற்றர் போனால் அந்த ஊர். ஒரு பக்கம் துறைமுகத்தின் உட்கிளையான தம்பலகாமக் குடா. மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய வரை வட்டைகள். துறைமுகத்தைப் பற்றி எழுதாத வெளிநாட்டுப் பயணி இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் எனப் பலர் அதற்காகச் சண்டையிட்டார்கள். அந்தத் துறைமுகத்தின் பின்புறத்தில் நெல் விளைவித்துக் கொண்டிருந்தவர்களை எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நானுந்தான்.

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி சேகரிக்கச் சென்றவர்களில் நானும் ஒருவன். இறந்தோர் தொகை, இடிந்த வீடுகள், அமைச்சர் வருகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். திரும்பும் வழியில் தம்பலகாமத்தில் ஒரு தேநீர்க் கடையில் நின்றபோது, வயோதிபர் ஒருவர் என் குறிப்புப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, செத்த ஆக்களின்ர கணக்கு எழுதுறீங்கள். சரி. இனிக் கோணநாயகருக்கு ஆர் நெல்லு அளக்கிறது? அதையும் எழுதுங்கோ."

நான் எழுதவில்லை. துயரத்தில் ஏதோ பேசுகிறார் என்று எண்ணினேன். அது எத்தனை பெரிய செய்தி என்பது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

திருகோணமலைக் குன்றின் மேலிருந்த கோணேசர் கோயில் சம்பந்தர் பதிகம் பெற்றது. 1620களில் போர்த்துக்கேயர் அதனை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அடியார்கள் சில திருவுருவங்களைக் காட்டு வழியே தூக்கிச் சென்று மறைத்து வைத்தார்கள் என்றும், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் தம்பலகாமத்தில் அவற்றுக்குக் கோயில் எழுந்தது என்றும் மரபு கூறும். அதுவே ஆதிகோணநாயகர் கோயில். குன்றின் மேல் இன்று நாம் காணும் ஆலயம் 1963இல் குடமுழுக்குக் கண்டது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கோணேசருக்குச் சோறு போட்டது தம்பலகாமம்.

சோறு போட்டது என்பதை உவமையாகச் சொல்லவில்லை. கோயிலுக்கென வயல்கள் விடப்பட்டிருந்தன. பூசை செய்பவர், விளக்கேற்றுபவர், பூ எடுப்பவர், மேளம் வாசிப்பவர் என ஒவ்வொருவருக்கும் பரம்பரைத் தொழும்பு உண்டு; அதற்கு நெல்லில் பங்கும் உண்டு. யார் எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கவிராசவரோதயர் பாடிய 'கோணேசர் கல்வெட்டு' விரிவாகச் சொல்கிறது. (பெயரைக் கண்டு பாறையில் தேட வேண்டாம், அது ஏட்டில் எழுதப்பட்ட நூல்.) கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டியதே கோயில் வயல்களுக்கு நீர் பாயத்தான் என்பது தமிழ் மரபு. இரண்டாம் அக்கபோதி என்னும் அநுராதபுர மன்னன் ஏழாம் நூற்றாண்டில் கட்டினான் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. குளங்கள் ஒரே கையால், ஒரே காலத்தில் முடிவதில்லை. 1870களில் ஆங்கிலேயரும் இதனைத் திருத்தினார்கள்.

குளம், வயல், கோயில் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. குளம் உடைந்தபோது அந்தப் பெரியவர் முதலில் கோயில் நெல்லை நினைத்தது இதனால்தான். சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்த வேண்டிய நேரத்தில் வாய்க்கால்களை மண் மூடிக் கிடந்தது.

தம்பலகாமக் குடாவில் முத்தும் விளைந்தது. மன்னார் முத்துப் போல் அல்ல. கண்ணாடி போன்ற தட்டையான சிப்பியில் பிறக்கும் பொடி முத்து. 1850களில் கெலார்ட் என்ற மருத்துவர் அதனை ஆராய்ந்தார். அதனை நீற்றிச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு மெல்வது இந்தியச் செல்வர்களின் ஆடம்பரமாக இருந்ததாம். நெல்லோடு ஒப்பிட்டால் அது ஒரு கிளைக்கதை.

வெள்ளம் வடிந்தது, போர் வடியவில்லை. 1990இல் ஊர் பெயர்ந்தது. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஆண்டுகள் கழிந்தன. திரும்பி வந்தவர்களுக்கு வயல் பற்றைக் காடாகக் கிடந்தது. வரம்பு எது என்று தெரியவில்லை. சூடு மிதிக்கும் களத்தில் 'பொலி, பொலி' என்று கூவும் குரலும் குறைந்தது. இன்று வெட்டும் இயந்திரம் வந்து ஒரு காலைப்பொழுதில் வேலையை முடித்துவிடுகிறது. இயந்திரத்தை நான் குறை கூற மாட்டேன். முதுகு வளைத்து அரிவி வெட்டியவர்களைக் கேட்டால் தெரியும்.

போர் முடிந்த சில ஆண்டுகளின் பின் மீண்டும் போனேன். அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். மகன் இருந்தார், தம் பிள்ளைகளில் ஒருவன் கட்டாரில் என்றார். 1986இல் உங்கள் தந்தை கேட்ட கேள்வியை நான் அச்சிடவில்லை என்று சொன்னேன். அவர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயா பிறகும் அளந்தவர்தானே," என்றார். "அடுத்த பெரும்போகம் வெட்டினவுடன முதல் மூட்டை கோயிலுக்குத்தான் போனது. அண்டைக்கு வீட்டில எங்களுக்கு நிவாரண அரிசி."

அந்தச் செய்தியைத்தான் இப்போது எழுதுகிறேன். மருமகனுக்கும் அதையே அனுப்பினேன்.