சுல்தான் மறைந்தால் ஆவடியில் பெட்ரோல் ஏறுமா?

கடல் கடந்த மடல்
மஸ்கட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"அங்க ஒரு ராஜா கண்ணை மூடினா நம்ம ஊர் பங்க்ல பெட்ரோல் ஏறிடுமாடா?" என்று போனில் கேட்டீர்கள். டேங்க் பேக்டரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவரிடம் அரைகுறையாகப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். தம்பியை இங்கே அனுப்பலாமா என்ற உங்கள் அடுத்த கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடும்.

என் கண்ணெதிரே நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2020 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை, ஓமன் சுல்தான் காபூஸ் காலமானார். வயது 79. 1970இல் பெற்ற அப்பாவையே இறக்கிவிட்டு அரியணை ஏறி, ஐம்பது வருஷம் ஆண்டவர். பிரதமர், பாதுகாப்பு, நிதி, வெளியுறவு எல்லாப் பொறுப்பும் அவர் கையில். பிள்ளை இல்லை, கூடப் பிறந்த தம்பியும் இல்லை. வாரிசு என்று யாரையும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. மறுநாள் விடிந்தபோது இங்கே ரூவி டீக்கடைகளில் மலையாளி, வங்காளி, நம்மாள் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: அடுத்து யார்?

இந்த நாட்டில் அதற்கென்று 1996லேயே சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். அரச குடும்பம் மூன்று நாளைக்குள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒத்துவரவில்லையென்றால், சுல்தான் எழுதி முத்திரை வைத்த உறையைப் பிரித்து, அதில் உள்ள பெயரை ஏற்க வேண்டும். குடும்பத்தார் மூன்று நாள் காத்திருக்கவில்லை. அவர் எழுதியதே போதும் என்று விட்டுவிட்டார்கள். டிவியில் எல்லோரும் பார்க்க உறையைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த பெயர் ஹைதம் பின் தாரிக். காபூஸின் சித்தப்பா மகன், கலாசார அமைச்சர். 11ஆம் தேதி சனிக்கிழமையே பதவியேற்றுவிட்டார். நாற்பது நாள் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. நம் நாட்டிலும் 13ஆம் தேதி, போகிக்கு முந்தின நாள், அரசு துக்கம் அனுசரித்தார்களே, நினைவிருக்கிறதா?

எண்ணெய் என்ன ஆயிற்று? அந்தத் திங்கட்கிழமை பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 64 டாலர் சொச்சத்துக்கு முடிந்தது. முந்தின வெள்ளிக்கிழமையைவிடக் குறைவு! நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் அளவுக்கு எடுக்கிற நாட்டின் சுல்தான் போயிருக்கிறார், சந்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 3ஆம் தேதி, பாக்தாத் விமான நிலையத்தருகே ஈரான் தளபதி சுலைமானியை அமெரிக்கா கொன்றபோது ஒரே நாளில் விலை 3 சதவீதத்துக்கு மேல் எகிறியது. அவர் எண்ணெய் அமைச்சரில்லை, படைத் தளபதிதான். அடுத்து பதிலடி வரும், கப்பல் போக்குவரத்துக்கு ஆபத்து என்ற பயம்தான் விலையை ஏற்றியது. சில நாளில் பயம் தணிந்ததும் விலையும் இறங்கிவிட்டது.

ஆக, எண்ணெய் வியாபாரி இரண்டே கேள்விதான் கேட்கிறான். அடுத்தவர் யாரென்று முடிவாகிவிட்டதா? எண்ணெய்க் கிணறு ஆளை நம்பி ஓடுகிறதா, நிர்வாகத்தை நம்பி ஓடுகிறதா? உதாரணத்துக்கு, 1975 மார்ச் 25 அன்று சவுதி மன்னர் பைசலை அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவனே சுட்டுக் கொன்றான். 1973இல் எண்ணெயை நிறுத்தி உலகத்தையே ஆட்டி வைத்த மன்னர் அவர். ஆனால் அன்றைக்கே காலித் மன்னரானார், எண்ணெய் அமைச்சர் யமானி அதே நாற்காலியில் 1986 வரை இருந்தார். 2015 ஜனவரியில் மன்னர் அப்துல்லா மறைந்தபோதும் அதே கதைதான். சேதி வந்ததும் விலை சற்றுத் துள்ளியது. சல்மான் வந்தார், அமைச்சர் நைமி மாறவில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது.

நிர்வாக விஷயத்தில் வெனிசுவேலா இதற்கு நேர் எதிர். 2013 மார்ச் 5இல் அந்நாட்டு அதிபர் சாவேஸ் இறந்தபோதும் விலை பெரிதாக அசையவில்லை. ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே, வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று அரசு எண்ணெய்க் கம்பெனியிலிருந்து பதினெட்டாயிரம் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அனுபவஸ்தர்கள் போன பிறகு கிணறுகளைப் பார்க்க ஆளில்லை, பணமும் போடவில்லை. 2019இல் அமெரிக்கத் தடையும் சேர்ந்துகொண்டது. ஒரு காலத்தில் நாளுக்கு முப்பது லட்சம் பீப்பாய் எடுத்த நாடு 2020 நடுவில் ஐந்து லட்சத்துக்கும் கீழே போனது. ஒர்க்‌ஷாப்பில் மூத்த பிட்டர்கள் எல்லாரும் ஒரே நாளில் போய்விட்டால் லேத் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம்ம பங்க்குக்கு வருகிறேன். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய்க்கு டெல்லியில் ஒரு சராசரி விலை போடுகிறார்கள். அதில் பிரெண்ட் ஒரு பங்கு. ஓமன், துபாய் எண்ணெய்களின் சராசரி இன்னொரு பங்கு. இங்கே குரும் கடற்கரையில் நின்றால் தூரத்தில் மினா அல் ஃபஹலில் டேங்கர் கப்பல்கள் எண்ணெய் ஏற்றக் காத்திருப்பது தெரியும். அந்தச் சரக்கின் விலைக்கும் உங்கள் ஸ்கூட்டருக்கும் அப்படித்தான் சம்பந்தம்.

காபூஸ் மறைந்து இரண்டு மாதம் ஆவதற்குள் சவுதியும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டன. மார்ச் 9இல் ஒரே நாளில் விலை கால்வாசி விழுந்தது. அதன்மேல் கொரோனா ஊரடங்கு. ஏப்ரலில் இந்தியாவின் சராசரி கொள்முதல் விலை பீப்பாய் 20 டாலருக்கும் கீழே. எந்தத் தலைவரும் சாகவில்லை, உயிரோடு இருப்பவர்களின் வீம்பும் ஊரடங்கும் போதுமாயிருந்தன.

அப்படியானால் சென்னையில் பெட்ரோல் விலை இறங்கியிருக்க வேண்டுமே? மே மாதத் தொடக்கத்தில் தமிழக அரசு வாட் வரியை ஏற்றி, லிட்டர் 72.28லிருந்து 75.54 ஆனது. அதே வாரம் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கூட்டியது. எண்ணெய் விழுந்ததன் லாபம் கஜானாவுக்குப் போனது. விலை ஏறத் தொடங்கியதும் ஜூன் 7ஆம் தேதியிலிருந்து நாள்தோறும் நம் தலையில் ஏற்றினார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்தது. இந்தக் கணக்கில் எந்த சுல்தானுக்கும் பங்கில்லை.

எங்களுக்கோ அடி வேறு பக்கம் விழுந்தது. புது சுல்தான் வந்ததும் காலிக் கஜானாவும் கையில் வந்தது. 2020 ஆகஸ்டில் அமைச்சகங்களைச் சுருக்கினார். நிதிக்கும் வெளியுறவுக்கும் தனி அமைச்சர்களைப் போட்டார். அரசுக் கம்பெனிகளில் வெளிநாட்டவர் இடத்தில் ஓமானியரை வைக்கச் சொல்லி உத்தரவு. 2021 ஜனவரியில் பட்டத்து இளவரசர் என்ற பதவி வந்தது, இனி உறை தேவையில்லை. ஏப்ரலில் 5 சதவீத வாட். லட்சக்கணக்கில் வெளிநாட்டவர் ஊருக்குத் திரும்பினார்கள். என் அறையில் இருந்த பட்டாபிராம் ஏசி மெக்கானிக், மூன்று மாதச் சம்பளப் பாக்கியோடு விமானம் ஏறினார்.

நல்லதும் ஒன்று நடந்தது. 2021 ஜனவரி 1 முதல், ஒப்பந்தம் முடிந்தால் பழைய முதலாளியின் என்ஓசி இல்லாமலே வேறு வேலைக்குப் போகலாம் என்றாக்கினார்கள்.

ஆகவே தம்பி தாராளமாக வரட்டும். ஆனால் ஓமானியப் பையன் நாளைக்கே வந்து உட்காரக்கூடிய ஆபீஸ் நாற்காலிக்கு வரவேண்டாம். வெல்டிங்கோ இன்ஸ்ட்ருமென்டேஷனோ கையில் பிடித்துக்கொண்டு வரட்டும். ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம், திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்று நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். இனி எங்காவது ஒரு தலைவர் மறைந்தார் என்று டிவியில் ஓடினால் டேங்க் நிரப்ப ஓட வேண்டாம். தம்பியின் விசா எந்த மாதம் முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்