காலையில் அலை, மாலையில் கல்

சென்னையில் ஒருநாள் சுற்றுலாவுக்கு வேன் பேசினால், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கென்று ஒரு பட்டியல் தயாராக வரும். முட்டுக்காடு படகுத்துறை, தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, புலிக்குகை, அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், பொழுது சாய்ந்ததும் கடலில் கால் நனைப்பது. ஒவ்வோர் இடத்துக்கும் அரை மணி. காலை ஒன்பதுக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் பாறைகளுக்கு நடுவே நிறுத்தி, இருட்டும் நேரத்தில் தண்ணீரில் இறக்கிவிடும் பட்டியல் அது. எங்கள் குடும்பத்தில் பயண ஏற்பாடு என் பொறுப்பு. அதனால் இந்தப் பட்டியலோடு எனக்கு நெடுநாளைய பிணக்கு உண்டு.

அலையில் விளையாடுவதையும் பல்லவர் சிற்பத்தைப் பார்ப்பதையும் ஒரே நாளில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கத்தான் வேண்டும் என்பேன். இளசுகளுக்குக் கடல், பெரியவர்களுக்குக் கோயில், குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் என்று பங்கு போடுவதால்தான் திட்டம் கெடுகிறது. ஒருவர் முறை முடியட்டும் என்று மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாமல்லபுரத்துக் கல்லோ தண்ணீரை விட்டுப் பிரிக்க முடியாதது. காலையில் கழுத்தளவு கடலில் நின்றுவிட்டு வந்தவர் கண்ணுக்கு அந்தக் கல் இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வரிசையைக் காற்றும் வெயிலும் தீர்மானிக்கட்டும், எந்த ஊர் முதலில் வருகிறது என்பது அப்புறம்.

இரவில் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசும். எதிரே வரும் அலையை அது தடவி நிமிர்த்தி, முகத்தை வழவழப்பாக்கி, நிதானமாக உடைய வைக்கும். வெயில் ஏற ஏறக் காற்று திரும்பும். சென்னைக்காரர்கள் பிற்பகலில் ஏங்கிக் காத்திருக்கும் கடற்காற்று அலை பழகுகிறவர்களுக்குப் பகை. தண்ணீர் குழம்பி, அலை கண்டபடி உடையும். எனவே வீட்டைவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். முதல் நிறுத்தம், சென்னையிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் கோவளம்.

அங்கே அலைச்சறுக்கு கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பாவும் தாத்தாவும் கட்டுமரத்தில் நின்றபடி அலையைக் கடந்து போன கரை இது. பலகை மேலே நிற்பது அவர்களுக்கு எங்கிருந்தோ வந்த விளையாட்டாகப் பட்டிருக்காது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது, இந்திய அணியில் இந்தக் கடற்கரைப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்வதற்குக் கொடுக்கும் பணம் குப்பத்துக்குள்ளேயே போய்ச் சேருகிறது என்பதும் எனக்கு முக்கியம்.

முதல் அரை மணி மணலிலேயே கழியும். பலகையை மணலில் போட்டு, குப்புறப் படுத்து, கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே எழும்பலில் இரண்டு பாதங்களையும் பலகையில் பதிக்கப் பழக்குவார்கள். பிறகு இடுப்பளவு தண்ணீருக்கு அழைத்துப் போவார்கள். கணுக்காலில் கயிறு கட்டியிருக்கும். விழுந்தாலும் பலகை ஓடிவிடாது. என் அண்ணன் மகள் எழுந்த மாத்திரத்தில் விழுந்துகொண்டே இருந்தாள். பின்னாலிருந்து பலகையைப் பிடித்துத் தள்ளிய பையன் சொன்னான்: "அக்கா, கீழ குனிஞ்சு தண்ணியப் பாக்காதீங்க. கரையப் பாருங்க, அந்தத் தென்ன மரத்தப் பாருங்க." அவள் பார்த்தாள், நின்றாள். நுரை அவளைக் கரைவரை கொண்டுவந்து இறக்கியது. உடம்பு பார்வையைத் தொடர்ந்து போகிறது என்பது அவனுக்குத் தொழில் ரகசியம்கூட இல்லை, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம்.

வாழைப்பழப் படகு, நீர் ஸ்கூட்டர் எல்லாம் வேண்டாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். சில நிமிட இரைச்சலுக்குக் கொடுக்கும் காசு அது. கடலைப் பற்றி எதையும் சொல்லித் தராது. ஒன்றரை மணி நேரம் பலகையோடு மல்லுக்கட்டிய பிள்ளை, எங்கே அலை உடையும், எங்கே இழுக்கும் என்று பார்க்கத் தொடங்கியிருக்கும். இழுப்பைப் பற்றி அந்தப் பையன்களிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். அலைகள் நுரைத்து விழும் இடங்களுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் நுரையில்லாமல் சாதுவாகக் கிடக்கும். விவரம் தெரியாதவர் அங்கேதான் இறங்குவார். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலக வேண்டும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்பினாலே அந்தக் காலை வீண்போகவில்லை.

தண்ணீரில் இறங்காதவர்களுக்கும் கோவளத்தில் காலைப்பொழுது உண்டு. ஃபைபர் படகுகள் கரைக்கு வருகிற நேரம். வலையிலிருந்து மீனை உதறி எடுப்பார்கள். சங்கராவும் கானாங்கெளுத்தியும் கூறு கூறாகக் குவியும். பெண்கள் ஏலம் கேட்பார்கள். எங்கள் பெரியம்மாவை அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அவராக எழுந்து வரமாட்டார். ஊருக்குள் கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. சிறிது தூரத்தில் தமீம் அன்சாரி தர்கா; நோய் தீர வேண்டிக்கொண்டு எல்லா மதத்தவரும் வருகிற இடம். ஒரு குப்பத்தைச் சுற்றி இத்தனையும் இருக்கையில், கோவளத்தைக் கடற்கரை என்று மட்டும் சொல்வது குறைவுதான்.

குளித்து, உடை மாற்றி, இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் சற்றே வடக்கே திரும்ப வேண்டும். முட்டுக்காட்டில் கழிமுகம். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரத்தை மூடும். மழை வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு கடலோடு சேரும். காலையில் அலைக்குப் பயந்தவர்களைத் துடுப்புப் படகில் ஏற்றிவிட இதைவிட நல்ல இடமில்லை. விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் கூழைக்கடாக்களைக் கலைக்காமல் போகும்.

உச்சி வெயிலுக்குத் தட்சிணசித்ரா. 1996-ல் திறக்கப்பட்ட இந்த வீட்டு அருங்காட்சியகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது. தென்மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து, ஓடும் உத்தரமும் தூணுமாகக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடுவார்கள். நான் கூட்டிப்போகிறவர்களை முதலில் ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீட்டுக்கு அழைத்துப் போவேன். மண் சுவர், தரையைத் தொட வந்ததுபோல் இறங்கும் கூரை. மூலை இல்லாததால் புயற்காற்று மோத இடமின்றிச் சுற்றிக்கொண்டு போய்விடும். காலையில் காற்றையும் அலையையும் உடம்பால் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்த வட்டம் ஏன் என்று விளக்கவே வேண்டாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, நாளைக் குறிக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலைப் பண்ணையை நான் இந்த நாளில் சேர்ப்பதில்லை. ராமுலஸ் விட்டேகர் 1976-ல் தொடங்கிய அந்த இடத்துக்கு அரை நாளாவது தனியாக ஒதுக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு தெற்கே போகையில், மாமல்லபுரத்துக்கு முன்பே சாளுவன்குப்பம் வரும். புலிக்குகையில் யாளித் தலைகளோடு படம் எடுத்துக்கொண்டு வேன்கள் கிளம்பிவிடும். இன்னும் கொஞ்சம் நடந்தால், 2004 சுனாமி காட்டிக்கொடுத்த கோயில். அலை மணலை வாரிச் சென்றதில் பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்தது; அதைத் தொடர்ந்து தொல்லியல் துறை 2005-ல் தோண்டியது. அடியில் செங்கல் கோயில், அதன்மேல் பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டுமானம், முன்னால் கல்லில் செய்த வேல். முருகன் கோயில். பழைய காலத்தில் கடல் பொங்கி இதை அழித்திருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. மூடியதும் கடல், திறந்ததும் கடல். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

மாமல்லபுரத்துக்குள் நுழையும்போது மூன்றரை மணி ஆகியிருக்க வேண்டும். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கே பார்த்தது. பிற்பகலில் அதன் முகம் நிழலில் இருக்கும். நிழலின் சமமான வெளிச்சத்தில் நுணுக்கம் கண்ணுக்குப் பிடிபடும். சுமார் 30 மீட்டர் நீளம். ஒற்றைக் காலில் தவம் செய்கிறவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குப் பகீரதன் பக்கம் சாய்வு. காரணம், நடுவிலிருக்கும் அந்தப் பிளவு. பாறையின் மேலே ஒரு தொட்டியின் மிச்சம் இருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் விட்டால் பிளவு வழியே, கைகூப்பி நிற்கும் நாகர்கள்மேல் உண்மையான அருவியாக இறங்கியிருக்கும். தண்ணீர் வருவதைப் பார்க்கத்தான் தேவரும் முனிவரும் யானைகளும் இருபுறமும் திரண்டிருக்கிறார்கள்.

எல்லோரும் யானையையும், தவம் செய்யும் பூனையையும் தேடுவார்கள். நீங்கள் பிளவுக்கு இடப்பக்கம், கீழே, சிறு கோயிலருகே பாருங்கள். ஆற்றில் முழுகி எழுந்த ஒருவன் ஈரத்துணியை இரு கையாலும் முறுக்கிப் பிழிகிறான். பக்கத்திலேயே ஒருவன் குடத்தைத் தோளில் வைத்திருக்கிறான். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "அடியே, காலைல நீ சட்டையப் பிழிஞ்சியே, அதே பிழியல்டி" என்று அண்ணன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கிட்டே போய் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தாள். முறுக்கும்போது ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் போகிறதே, அதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்பி கவனித்திருக்கிறான். கடலையும் கல்லையும் ஒரே நாளில் வை என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

அடுத்து ஐந்து ரதங்கள். அவற்றில் நான்கு மேற்கே பார்ப்பவை; நகுல சகாதேவ ரதம் மட்டும் தெற்கே. சாயும் வெயில் நேராக முகத்தில் விழும் நேரத்தில் போனால் காவலர் சிற்பங்களின் கண்ணிமைகூடத் தெரியும். பீம ரதத்தின் அடிப்பகுதி முடிக்கப்படாமல் நிற்கிறது. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே வாங்கும் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அன்றைக்கே கடற்கரைக் கோயிலுக்கும் அது செல்லும். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் ஐந்தே காலுக்குள் அங்கே இருக்க வேண்டும்.

போகிற வழியில் சிற்பக் கூடங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அறுப்பதற்கும் இழைப்பதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. கண், உதடு, விரல் என்று வரும்போது உளிதான். வண்டியை நிறுத்தி, ஒரு கூடத்திலாவது ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். வாங்காவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலில் பெரிய சந்நிதி கிழக்கே கடலைப் பார்க்கிறது, சிறியது மேற்கே ஊரைப் பார்க்கிறது. இடையில் தாய்ப்பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். உப்புக் காற்று சிற்பங்களின் முகங்களை அரித்துவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கடலோரம் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள்; காற்றைத் தாங்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். அங்கே யாரையும் கடலில் இறங்க விடாதீர்கள். காலையில் அலை பழகிய தைரியத்தில் பிள்ளைகள் கேட்பார்கள். பாறையும் இழுப்பும் உள்ள இடம் அது. பலர் உயிரை விட்டிருக்கிறார்கள்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பிப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை. அலை அடங்கியிருக்கும், கல்லும் கொதிக்காது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடை பிடித்து, மழையும் புயலுமாக இருக்கும். அப்போது அலையைத் திட்டத்தில் வைக்காதீர்கள். நல்ல மாதத்திலும் சில நாள் கடல் ஒத்துக்கொள்ளாது. முன்பணம் கட்டியாயிற்றே, பிள்ளைகள் ஆசையாக வந்தார்களே என்று நினைக்காதீர்கள். கோவளத்துப் பையன் தண்ணீரை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேணாம் சார்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். வண்டியை நேரே மாமல்லபுரத்துக்கு விடச் சொல்லி, காலை வெயில் முகத்தில் விழும் தபசுப் பாறையைப் பாருங்கள்.