ஆறு புள்ளிக்குள்: மேரிலாண்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் 2014–15 பருவம்

2014 ஜூலை 1

மேரிலாண்ட் பல்கலைக்கழகம் இந்த நாளில் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பை விட்டு பிக் டென் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1953இல் பழைய கூட்டமைப்பைத் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் மேரிலாண்டும் ஒன்று. பிரிவுக்குக் காரணம் பணம். விளையாட்டுத் துறையின் பற்றாக்குறையால் 2012இல் ஏழு அணிகளைக் கலைக்க நேர்ந்த பல்கலைக்கழகம் அது. பிக் டென் கூட்டமைப்புக்கோ சொந்தத் தொலைக்காட்சி அலைவரிசை இருந்தது, பங்குத் தொகையும் பெரிது. வட கரோலினா, டியூக் ஆகியவற்றுடன் அறுபது ஆண்டுகளாக மோதி வந்த ரசிகர்களுக்கு இது கசந்தது. கணக்குப் பிரிவுக்குக் கசக்கவில்லை.

ஆண்கள் கூடைப்பந்து அணி அப்போது நல்ல நிலையில் இல்லை. 2002இல் தேசிய வாகையர் பட்டம் வென்ற அணி, 2013–14 பருவத்தில் 17 வெற்றி, 15 தோல்வியோடு நின்றது. பருவம் முடிந்ததும் ஐந்து வீரர்கள் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறிப் போனார்கள். 2011 முதல் பயிற்றுநராக இருந்த மார்க் டர்ஜனின் வேலை தப்புமா என்ற பேச்சும் எழுந்தது.

அக்டோபர்

பயிற்சி தொடங்கியபோது அணியில் பாதி முகங்கள் புதியவை. முதலாண்டு மாணவரான மெலோ டிரிம்பிளிடம் பந்தை நடத்தும் பொறுப்பு வந்தது. மூத்தவர் டெஸ் வெல்ஸ், உயரமான முன்கள வீரர் ஜேக் லேமன், வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்திலிருந்து கடைசி ஓராண்டுக்கு வந்து சேர்ந்த ரிச்சோட் பேக் ஆகியோர் அவரைச் சுற்றி நின்றார்கள். பருவம் பிறக்கும் முன்பே அணியின் இன்னொரு வீரரான ஈவன் ஸ்மோட்ரிச்சுக்குப் பாத எலும்பு முறிந்தது.

ஆட்கள் சேர்வது எப்படி என்பதை இங்கே விளக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டின் முதல் பிரிவில் ஓர் ஆண்கள் கூடைப்பந்து அணி அந்தக் காலத்தில் 13 பேருக்கு மட்டுமே முழு உதவித்தொகை தர முடிந்தது. அதற்கு மேல் சேர்பவர்கள் சொந்தச் செலவில் படித்துக்கொண்டே ஆடுபவர்கள். பயிற்சியில் எதிரணி வேடம் போடுவார்கள், பயணத்தில் கூட வருவார்கள், ஆட்ட நாளில் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருப்பார்கள். மேரிலாண்டில் அப்படி இருந்தவர்களில் ஒருவர் வருண் ராம். இந்திய வம்சாவளியினர், உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். கனெக்டிகட்டில் மூன்றாம் பிரிவில் ஆடும் டிரினிட்டி கல்லூரியிலிருந்து மாறி வந்தவர். படித்தது நரம்பு உயிரியல்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்து பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடே விநோதம். தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துக் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்து என்பது மாலை நேரத்துச் சிமெண்டுத் திடல். சுக்கிப்ட் போன்ற உயர்கல்விக் கழகப் போட்டிகள் சில நாள்களிலேயே முடிந்துவிடும். மேரிலாண்டின் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். அதன் உள்ளரங்கில் 17,950 இருக்கைகள், அதாவது புக்கிட் ஜாலில் உள்ளரங்கைவிட அதிகம். ஒரு மாணவர் அணிக்காக இத்தனை!

நவம்பர் 24, 25

கன்சஸ் நகரப் போட்டியில் அரிசோனா ஸ்டேட் அணியை 78–73 என்றும், மறுநாள் தரவரிசையில் இருந்த அயோவா ஸ்டேட் அணியை 72–63 என்றும் மேரிலாண்ட் வீழ்த்தியது. நாடு தழுவிய கவனம் முதன்முறையாகத் திரும்பியது இந்த இரண்டாவது வெற்றியால்தான். விலையும் அதே ஆட்டத்தில் கொடுக்கப்பட்டது. வெல்ஸின் மணிக்கட்டு முறிந்து, அடுத்த ஏழு ஆட்டங்களை அவர் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

டிசம்பர்

வெல்ஸ் இல்லாத நாள்களில் தோற்றது ஓர் ஆட்டம் மட்டுமே. டிசம்பர் 3 அன்று பழைய கூட்டமைப்பின் வர்ஜீனியா அணி, மேரிலாண்டின் சொந்த அரங்குக்கே வந்து 76–65 என்று வென்று போனது. 21ஆம் தேதி ஒக்லஹோமா ஸ்டேட் அணியை அதன் ஊரிலேயே 73–64 என்று வென்றதுதான் இந்தக் காலத்தின் நல்ல அறுவடை. டிரிம்பிள் தயங்காத ஆள் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 30

பிக் டென் கூட்டமைப்பில் முதல் ஆட்டம், அதுவும் மிச்சிகன் ஸ்டேட் அணியின் அரங்கில். ஆட்டம் சமனாகி ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதிலும் சமன். இரண்டாம் கூடுதல் நேரத்தில் மேரிலாண்ட் 68–66 என்று வென்றது.

மலேசிய ரசிகருக்குப் பழகிய ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதி நான்கு கொண்டது. தாக்கும் அணி 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டம் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு, அந்தப் பருவத்தில் எறிவதற்கு 35 வினாடி அவகாசம். (மறு ஆண்டே அது 30 ஆகக் குறைக்கப்பட்டது.) அதனால் ஆட்டம் மெதுவாக நகரும், புள்ளிகள் குறையும், பலவீனமான அணிகூடப் பலமான அணியைக் கடைசி நிமிடம் வரை பிடித்து நிறுத்தலாம். ஃபவுல் விதியும் சேர்ந்துகொள்ளும். ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுல் முதல் ஃப்ரீ த்ரோ கிடைக்கும். முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது எறி. பத்தாவது ஃபவுலிலிருந்து இரண்டும் நிச்சயம். பின்தங்கும் அணி கடைசி இரண்டு நிமிடங்களில் வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தும். அந்த நேரத்தில் கை நடுங்காமல் எறிய ஒருவர் வேண்டும். டிரிம்பிளின் ஃப்ரீ த்ரோக்களில் நூற்றுக்கு 85க்கும் மேல் கூடைக்குள் விழுந்தன. இந்தப் பருவத்தின் பாதிக் கதை அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

2015 ஜனவரி

ஏறுமுகமும் சறுக்கலும் மாறி மாறி வந்த மாதம். 17ஆம் தேதி மிச்சிகன் ஸ்டேட் அணியைச் சொந்த அரங்கில் 75–59 என்று மேரிலாண்ட் புரட்டியெடுத்தது. ஐந்து நாளில் இந்தியானாவிடம் 89–70 என்று நொறுங்கியது. அன்று இந்தியானா எறிந்த மூன்று புள்ளி எறிகளில் 15 உள்ளே போயின, அப்படி ஒரு நாளில் எந்தத் தடுப்பும் எடுபடாது. 29ஆம் தேதி கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட் 80–56 என்று அடித்தது.

இரண்டு அடிகளுக்கும் நடுவே, 25ஆம் தேதி, நார்த்வெஸ்டர்ன் ஆட்டம். கூட்டமைப்பின் பலவீனமான அணிகளில் ஒன்று மேரிலாண்ட் அரங்கிலேயே இரண்டாம் பாதியில் பெரிய முன்னிலையோடு இருந்தது. மேரிலாண்ட் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. கடைசி எறி வளையத்தில் பட்டுத் தெறிக்க, எழும்பிய வெல்ஸ் அதைத் திரும்ப உள்ளே தட்டினார். மீதி இருந்தது இரண்டு வினாடிக்கும் குறைவு. 68–67. தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

பிப்ரவரி நடுப்பகுதி

8ஆம் தேதி அயோவாவிடம் 71–55 தோல்வி. பிறகு இந்தியானாவை 68–66, பென் ஸ்டேட்டை 76–73, நெப்ராஸ்காவை 69–65. வெற்றிப் பட்டியல் அழகு, புள்ளி வித்தியாசம் அற்பம். கூட்டமைப்பில் கண்ட நான்கு தோல்விகளில் மூன்று 16 புள்ளிக்குக் குறையாதவை. வெற்றிகளோ பெரும்பாலும் ஒற்றை இலக்கம். பிக் டென் ஆட்டங்கள் பதினெட்டையும் சேர்த்துப் பார்த்தால் எதிரணிகளைவிட மேரிலாண்ட் எடுத்த கூடுதல் புள்ளி, ஆட்டத்துக்கு இரண்டுகூடத் தேறாது. அப்படிப்பட்ட அணி 14 வெற்றி, 4 தோல்வியோடு இரண்டாம் இடம் பிடித்தது.

புள்ளிவிவர ஆய்வாளர்கள் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். நெருக்கமான ஆட்டங்கள் காசு சுண்டுவது போன்றவை, தலையே தொடர்ந்து விழாது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பிழையில்லை, ஆனால் அது முழு உண்மையும் அல்ல. கடைசி நிமிடங்களில் பந்து டிரிம்பிள் கையில் இருந்தது. எதிரணியின் சிறந்த எறிகாரரைப் பேக் மறித்தார். வெல்ஸ் இடித்துப் புகுந்து ஃபவுல் வாங்கினார். மூன்றும் தற்செயல் அல்ல. நார்த்வெஸ்டர்ன் ஆட்டத்தை மட்டும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடலாம்.

பிப்ரவரி 24

தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த விஸ்கான்சின் வந்தது. வெல்ஸ் 26 புள்ளி எடுத்தார். 59–53 என்று முடிந்ததும் மாணவர்கள் இருக்கைகளைத் தாண்டி ஆடுகளத்துக்குள் குதித்தார்கள். கோலாலம்பூரில் அப்போது புதன்கிழமை காலை, அலுவலகம் திறக்கும் நேரம். அந்த விஸ்கான்சின்தான் ஏப்ரல் 4 அன்று, அதுவரை 38 ஆட்டங்களில் தோல்வியே காணாத கென்டக்கியை 71–64 என்று வென்றது. அதை நினைத்துப் பார்த்தால்தான் மேரிலாண்டின் அன்றைய வெற்றி எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

மார்ச் 8 – 14

நெப்ராஸ்காவில் 64–61 என்று வென்றதோடு வழக்கமான ஆட்டங்கள் முடிந்தன. 26 வெற்றி, 5 தோல்வி. பல்கலைக்கழக வரலாற்றில் அதுவரை வழக்கமான ஆட்டங்களில் மட்டும் இவ்வளவு வெற்றி வந்ததில்லை. கூட்டமைப்பின் வெளியேற்றுப் போட்டியில் இந்தியானாவை 75–69 என்று வென்று, அரையிறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 62–58 என்று தோற்றது. நெருக்கமான ஆட்டங்களின் அதிர்ஷ்டம் கைவிட்டது அன்றுதான்.

மார்ச் 20

68 அணிகள் கொண்ட தேசியப் போட்டி. தோற்றால் வீடு. நான்காம் நிலை பெற்ற மேரிலாண்ட், பதின்மூன்றாம் நிலையிலிருந்த வால்பரைசோவை எதிர்கொண்டது. ஆட்டம் கொலம்பஸ் நகரில், ஜனவரியில் 24 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அதே ஊரில்.

கடைசி வினாடிகளில் மேரிலாண்ட் 65–62 என்று முன்னிலையில் இருந்தது, பந்து வால்பரைசோவிடம். மூன்று புள்ளி எறி ஒன்று விழுந்தால் ஆட்டம் சமன். டர்ஜன் பெஞ்சின் கோடிக்குத் திரும்பி வருண் ராமை அனுப்பினார். அன்று பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தவர் அவர். தாக்குதலில் அவரால் அணிக்குப் பெரிய லாபமில்லை, ஆனால் கால்கள் வேகமானவை, ஆளை விட்டு விலகமாட்டார். தினமும் பயிற்சியில் டிரிம்பிளின் முகத்துக்கு நேரே நின்று மறிப்பதே அவருடைய வேலை. எதிரே வால்பரைசோவின் கீத் கார்ட்டர். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எறிய இடம் தேடினார் அவர். ராம் உரசாமல், அதாவது ஃபவுல் செய்யாமல், ஒட்டியே நின்றார். கார்ட்டர் எழும்ப முயன்றபோது பந்து கை நழுவியது. எறி நிகழாமலே மணி அடித்தது.

மலேசியாவில் அது சனிக்கிழமை விடியும் வேளை. அமெரிக்க நாளேடுகளும் இந்திய நாளேடுகளும் ராமின் பெயரைப் போட்டன. ஒரு புள்ளிகூட எடுக்காமல் தலைப்புச் செய்தியான வீரர் அந்தப் போட்டியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் தெற்காசியப் பெயர் கண்ணில் படுவதே அரிது என்பதால் செய்தி இன்னும் பெரிதானது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழ் இளைஞர்களின் முதல் விளையாட்டு கால்பந்துதான். கூடைப்பந்துத் திடல் பெரும்பாலும் சீனப் பள்ளி வளாகத்துக்குள் இருப்பது அதற்கு ஒரு காரணம்.

மார்ச் 22

அடுத்த எதிரி மேற்கு வர்ஜீனியா. பயிற்றுநர் பாப் ஹக்கின்ஸின் அணி எதிரணியை அதன் பாதியிலேயே மறித்து, பந்தை வெளியே எடுக்கவே விடாது. இருபதுக்கும் மேற்பட்ட தடவை மேரிலாண்ட் பந்தைப் பறிகொடுத்தது. இரண்டாம் பாதியில் டிரிம்பிள் தலையில் அடிபட்டு வெளியேறினார். பந்தை நடத்த ஆளில்லாமல் போனதும் ஆட்டம் கைமீறியது. 69–59. பருவம் 28 வெற்றி, 7 தோல்வியோடு முடிந்தது.

பருவத்துக்குப் பின்

வெல்ஸும் பேக்கும் தகுதிக்காலம் முடிந்து விலகினார்கள். டிரிம்பிள், லேமன், ராம் மூவரும் மறு ஆண்டும் ஆடினார்கள். அந்த ஆண்டு அணி 27 வெற்றி, 9 தோல்வியோடு தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு வரை சென்று, கன்சஸ் அணியிடம் 79–63 என்று தோற்றது. அதே 2016 மார்ச்சில் ஆசியான் கூடைப்பந்து லீக் பட்டத்தைச் சிங்கப்பூர் அணியை வென்று கைப்பற்றியது வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ். தெலுக் பங்லிமா காராங்கைக் கடந்து போகும் நெடுஞ்சாலையின் மறுமுனையிலுள்ள பூலாவ் இண்டா துறைமுகத்தின் பெயர் தாங்கிய தொழில்முறை அணி அது. லேமன் அந்த ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் 47ஆம் ஆளாக எடுக்கப்பட்டார்.