கூட்டுப் பதிவும் சிவப்பு மையும்



பொங்கலுக்கு அப்புறம் நான் ஒன்றும் எழுதவில்லையே, உடம்புக்கு என்ன என்று பலர் கேட்டுவிட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வாரமாக ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தக் கதையை இன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் பொறுத்துக்கொண்ட நீங்கள் இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நம் கையெழுத்துப் பத்திரிகை ஞாபகம் இருக்கும். ஒரே ஒரு பிரதி. கட்டுரை ஒருவர், அழகான கையெழுத்து ஒருவர், படம் ஒருவர், நூல் கோத்துத் தைப்பது ஒருவர். வகுப்பு வகுப்பாகச் சுற்றிவரும். அந்த வருடம் மாமல்லபுரம் சுற்றுலா போய்வந்து அதையே ஒரு சிறப்பிதழாகப் போட்டோம். கடற்கரைக் கோயில், கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சி, அர்ச்சுனன் தபசில் தவம் நிற்கும் பூனை, அதன் காலடியில் எலிகள் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். அந்தப் பிரதி இத்தனை வருடமும் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த நம் கிளாஸ் லீடர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். காபி குடித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து காட்டினேன். பத்துப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தான். "சார், இதை இன்ஸ்டாகிராமில் கூட்டுப் பதிவாகப் போடலாம். உங்கள் பேர், என் பேர், படம் போட்டவன் பேர், மூன்றும் மேலே வரும்" என்றான்.

கூட்டுப் பதிவு என்றால் என்ன என்று என் வயதுக்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் வந்த வசதி அது. ஒருவர் பதிவு போடுவார். போடும்போதே மற்றவருக்கு அழைப்பு அனுப்புவார். அவர் ஏற்றுக்கொண்டால் அதே பதிவு அவர் பக்கத்திலும் தெரியும். விருப்பக்குறியும் கருத்துகளும் இருவருக்கும் பொது. கிட்டத்தட்ட நம் கையெழுத்துப் பத்திரிகைதான்.

பேத்தி எனக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தாள். எனக்கு வந்த அழைப்பை அவள் உதவியோடு ஏற்றேன். பதிவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரே நாளில் பழைய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து எழுதினார்கள். ஆனால் மூன்றாவது பேர் மட்டும் வரவில்லை.

மூன்றாவது ஆள் இப்போது மாமல்லபுரத்தில் சொந்தமாகச் சிற்பக்கூடம் வைத்திருக்கிறான். அப்பா காலத்துத் தொழில். பத்திரிகையில் இருக்கிற படமெல்லாம் அவன் கையால் போட்டதுதான்.

எனக்குத்தான் தெரியுமே, ஒரு கணக்கு தப்பாக வந்தால் முதல் வரியிலிருந்து சரிபார்க்க வேண்டும். ஆரம்பித்தேன். அழைப்பு சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறதா? ஒரே மாதிரிப் பேரில் ஒரு புள்ளி, ஒரு எண் வித்தியாசத்தில் நான்கு கணக்குகள் இருந்தன. லீடரிடம் கேட்டேன். சரியான கணக்குக்குத்தான் அனுப்பியிருந்தான். அடுத்து, அறிவிப்பைப் பார்க்காமல் விட்டிருப்பானோ? போன் செய்தேன். "பாக்கறேன் சார்" என்றான். இதயக் குறியைத் தொட்டு உள்ளே போய்ப் பார், இல்லையென்றால் செய்திகள் பகுதியில் பார் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். "சரிங்க சார்" என்று பதில் வந்தது. பதிவில் பேர் வரவில்லை. செயலி பழையதாக இருக்கும், புதுப்பித்துக்கொள் என்றேன். "பண்ணிட்டேன் சார்." அப்போதும் வரவில்லை. லீடரின் கணக்கு பூட்டியிருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். பதிவு போட்டவர் கணக்கைப் பூட்டி வைத்திருந்தால் அவரைப் பின்தொடர்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். அதுவும் இல்லை, அவன் கணக்கு திறந்துதான் இருந்தது.

கடைசியில் லீடரே சொன்னான்: "சார், பேசாம இத அழிச்சிட்டுப் புதுசா போட்டுடறேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் போட்டவர் அழித்தால் எல்லார் பக்கத்திலிருந்தும் போய்விடும். முப்பத்தைந்து வருடம் ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் அந்தப் பதிவுக்குக் கீழே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதை எப்படி அழிப்பது? நேரில் போய் அவன் போனை வாங்கிப் பார்த்துவிடுவோம் என்று செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். பேத்தி திட்டினாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

சிற்பக்கூடத்தில் உளிச் சத்தத்தை விட மெஷின் சத்தம்தான் அதிகம். எங்கே பார்த்தாலும் கல்தூசி. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தச் சொல்லி, துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டான். மோர் வந்தது. குடித்துவிட்டு, "போனைக் கொடுப்பா, என்ன கோளாறுன்னு பாத்துடலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் சொன்னான்: "போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். அழைப்பு அன்னைக்கே வந்துடுச்சு."

"பின்னே?"

போனை எடுத்து அந்தப் பதிவைத் திறந்தான். பத்தாவது படத்துக்குத் தள்ளினான். பத்திரிகையின் கடைசிப் பக்கம், ஆசிரியர் குழுவின் பேர்கள். இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினான். பதினொரு பேர். பன்னிரண்டாவதாக ஒரு பேர் எழுதி, அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோடு என்னுடையது. உங்கள் விடைத்தாளில் எத்தனை போட்டிருப்பேன், எனக்குத் தெரியாதா?

நான் மறந்தே போயிருந்தேன். அவன்தான் சொன்னான். பத்திரிகை முடிகிற சமயத்தில் ஒரு கோயில் வேலை அவசரம் என்று அவன் அப்பா பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று வகுப்பு முன்னால் நான், "படிப்பைப் பாதியில் விடுகிறவனுக்குப் பத்திரிகையில் பேர் எதற்கு?" என்று சொல்லி அடித்தேனாம். படம் எல்லாம் அப்படியே இருந்தது. பேர் மட்டும் போய்விட்டது.

லீடர் பதிவுக்கு மேலே எழுதிய குறிப்பையும் காட்டினான். கடைசிப் பக்கத்தைப் பார்த்து அப்படியே பதினொரு பேரை எழுதியிருந்தான். படம் வரைந்தவர் என்று யார் பேரும் இல்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஏத்துக்கிட்டா இது என் பக்கத்துலயும் வரும். வாடிக்கையாளர் பாப்பாங்க, என் பொண்ணு பாப்பா. என் பேர் அடிச்சிருக்கற பக்கத்த நானே எப்படி சார் போட்டுக்குவேன்?"

எனக்கு வாய் வரவில்லை. மூன்று வாரமாக இதயக் குறியைத் தொடு, செயலியைப் புதுப்பி என்று அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அவனும் "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மன்னிப்புக் கேட்டேன். "ஐயையோ, என்ன சார் நீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

திரும்பும்போது பஸ் ஏற்றிவிட வண்டியில் அழைத்துப் போனான். பூஞ்சேரி வந்ததும் ஒரு பாறை பக்கம் நிறுத்தினான். ஊரில் அதை நொண்டி வீரப்பன் குதிரைத் தொட்டி என்பார்கள். பல்லவர் கால எழுத்தில் அங்கே பேர்கள் வெட்டியிருக்கிறது. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று போகும். இங்கே வேலை செய்த சிற்பிகள் பேர் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். வரலாறு வாத்தியாரான நான் சுற்றுலா வந்தபோதெல்லாம் கடற்கரைக் கோயிலையும் ரதங்களையும் காட்டியிருக்கிறேனே தவிர, இங்கே உங்களை ஒருமுறையும் அழைத்து வந்ததில்லை. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், உலகமே வந்து பார்க்கிற ஊர். தர்மராஜ ரதத்தில் ராஜாவின் பட்டப்பேர்களைப் படிக்கலாம். உளி பிடித்தவன் பேரைப் படிக்க வேண்டுமென்றால் பூஞ்சேரிக்குத்தான் வரவேண்டும்.

"அப்பா சின்ன வயசுல கூட்டிட்டு வந்து காட்டினாரு சார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். குறிப்பைத் திருத்த முதலில் பதிவு போட்டவரால்தான் முடியும். என் பேர் மேலே இருந்தாலும் என்னால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. லீடர் கேட்டுவிட்டுக் கலங்கிப்போனான். "சார், நானும் அந்த வகுப்புலதான உக்காந்திருந்தேன், எனக்கும் ஞாபகமில்லையே" என்றான். கடைசிப் பக்கத்தின் படத்தை மட்டும் எடுத்துவிடவா என்று கேட்டான். அப்படி ஒரு படத்தை மட்டும் நீக்க வழி இருக்கிறது. சிற்பியிடமே கேட்கச் சொன்னேன். அவன் சொன்ன பதில்: "படம் இருக்கட்டும். மேல எழுதறதை ஒழுங்கா எழுதினா போதும்."

நான் சொல்லச் சொல்ல லீடர் எழுதினான். முதல் வரியில், இந்த இதழின் ஓவியங்கள் அனைத்தும் இன்னார் வரைந்தவை. கடைசி வரியில், ஆசிரியர் குழுவில் அவர் பேரை அடித்தது ஆசிரியராகிய என் தவறு. அன்று இரவு ஒன்பது மணிக்குப் பேத்தி ஓடிவந்தாள். "தாத்தா, மூணு பேரும் வந்துடுச்சு!"

உங்களில் பலர் கல்யாணம், ஊர்த் திருவிழா, பழைய மாணவர் சந்திப்பு என்று கூட்டுப் பதிவு போடுகிறீர்கள். வாத்தியார் கையில் சாக்பீஸ் இல்லாமல் முடிக்க முடியாது. எழுதிக்கொள்ளுங்கள்.

1. அழைக்கும்முன் கணக்கின் பேரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். முகப்புப் படத்தையும் பாருங்கள்.

2. எதிராளி ஏற்கும்வரை பதிவு உங்கள் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். ஏற்கவில்லையே என்று உடனே அழித்துவிடாதீர்கள்.

3. யார் முதலில் போடுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். திருத்துவதும் அழிப்பதும் அவர் கையில்தான். கோபத்தில் அழிக்கிற ஆளாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். மற்றவர் விலகினால் அவர் பக்கத்திலிருந்து மட்டும்தான் போகும்.

4. தவறி அழித்துவிட்டால், 'சமீபத்தில் அழித்தவை' என்கிற இடத்தில் 30 நாள் வரை இருக்கும். அதற்குள் மீட்கலாம்.

5. குறிப்பை எழுதிவிட்டு, பேர் வரவேண்டிய எல்லாருக்கும் முதலில் படித்துக் காட்டுங்கள். அப்புறம் போடுங்கள்.

6. எல்லாம் சரியாக இருந்தும் ஒருவர் ஏற்கவில்லை என்றால் போனைக் குறை சொல்லாதீர்கள். "ஏன்பா, ஏதாவது மனசுல இருக்கா?" என்று கேளுங்கள். நான் இதைக் கேட்க மூன்று வாரமும் ஒரு பஸ் டிக்கெட்டும் ஆயிற்று.

அவன் பேரை இங்கே எழுதவில்லை. இவ்வளவு நேரம் படித்தீர்கள் அல்லவா, அந்தப் பதிவுக்குப் போய்ப் பாருங்கள். முதல் வரியிலேயே இருக்கிறது. பூனை படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். பதினைந்து வயதுப் பையன் போட்டது என்று நம்பமாட்டீர்கள்.

ஒரு விஷயம். டிரங்குப் பெட்டியில் இன்னும் நான்கு வருடத்து இதழ்கள் இருக்கின்றன. இந்த வாரம் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் சிவப்பு மையில் வேறு யார் பேராவது அடிபட்டிருந்தால், நான் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே ஒரு போன் செய்யுங்கள். நம்பர் பழைய நம்பர்தான்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
செங்கல்பட்டு