நம் கையில் உள்ள வரி

2017 நவம்பர் 14 இரவு, மதுரையில் எங்கள் சின்ன அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து 28 என்ற எண்ணைத் தேடிக்கொண்டிருந்தோம். நான்கு நாளைக்கு முன்புதான் குவாஹாட்டியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் ஷாம்பு, சாக்லேட், சலவைத்தூள் என்று 170-க்கும் மேற்பட்ட பொருட்களின் வரியை 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைத்திருந்தது. 15-ஆம் தேதி காலையில் கடை திறக்கும்போது பில் புது வரியில் வந்தாக வேண்டும். கீழமாசி வீதியிலும் அதைச் சுற்றியும் உள்ள மொத்த வியாபாரிகள் சிலர் எங்கள் பில்லிங் செயலியை நம்பித்தான் கடை நடத்தினார்கள்.

நிரல் முழுக்க 28 என்று தேடினால் திரை நிறைய வந்து விழுந்தது. பிப்ரவரிக்கு 28 நாள். ஒரு பட்டனின் உயரம் 28 பிக்சல். கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வர வேண்டிய கெடு 28 நாள். இவற்றையெல்லாம் தொடக் கூடாது. தொட வேண்டியவையோ பல இடங்களில் 28 என்ற உருவத்திலேயே இல்லை. ஓரிடத்தில் 0.28. மாநிலத்துக்குள் விற்றால் வரி மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி என்பதால் இன்னோரிடத்தில் 14. எம்.ஆர்.பி.யிலிருந்து வரியைப் பிரித்தெடுக்கும் இடத்தில் 1.28-ஆல் வகுத்திருந்தோம். ப்ரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கணக்கு; சர்வரில் ஓடும் பி.எச்.பி.யில் அதே கணக்கு மறுபடியும். குளிர்பானங்களுக்கு 28 அப்படியே நின்றதால் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றவும் வழியில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு, வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போனோம்.

பத்து நாள் கழித்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, போன மாசம் போட்ட பில்லை இன்னைக்கு மறுபடி பிரிண்ட் எடுத்தா வேற தொகை வருதே, என்னன்னு பாருங்க" என்றார். அக்டோபரில் 1,000 ரூபாய் ஷாம்புக்கு 280 ரூபாய் வரி சேர்த்து 1,280 என்று பில் போட்டிருந்தார். இப்போது அதே பில் 1,180 என்றது. பில்லோடு வரி விகிதத்தை நாங்கள் சேமித்து வைக்கவே இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அன்றைய விகிதத்தில் புதிதாகக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது செயலி. வாங்கியவர் கையில் உள்ள தாளில் ஒரு தொகை, விற்றவர் திரையில் வேறொரு தொகை. வியாபாரத்தில் வாக்குதான் முதல். அந்த மனிதரின் வாக்கை எங்கள் நிரல் பொய்யாக்கிவிட்டது என்பது எனக்குப் பல நாள் உறுத்தியது.

அந்த நிரலை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். நானும் அவர்களில் ஒருவன். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, அன்று காலை பில் வந்தாக வேண்டும் என்ற ஒரே குறியில் எழுதினோம். அவசரத்தில் எழுதிய நிரலும் ஓடும். ஓடுகிறது என்பதுதான் அதன் ஆபத்து. எங்கே எதை எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்பது மாற்ற வேண்டிய நாள் வரும்வரை தெரியாது.

தமிழில் வரி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். அரசு விதிப்பதும் வரி, நாங்கள் எழுதுவதும் வரி. முதல் வரியைக் குறைப்பது எங்கள் கையில் இல்லை. மாநிலத்துக்குள் விற்றால் ஒரு கணக்கு, வெளியே அனுப்பினால் இன்னொரு கணக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விகிதம். இந்தச் சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாவது வரி எங்கள் கையில்தான் இருக்கிறது. கணினி அறிஞர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் மென்பொருள் பற்றி 1986-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: பிரச்சினையோடு கூடப் பிறந்த சிக்கல் ஒன்று, அதைத் தீர்க்கப் போகும்போது நாமாகச் சேர்த்துக்கொள்ளும் சிக்கல் மற்றொன்று. அந்த நவம்பர் இரவில் நாங்கள் பட்ட பாட்டில் சட்டத்தின் பங்கு மிகச் சிறியது. மிச்சம் முழுவதும் நாங்கள் சேர்த்தது.

ஷாம்புக்கு என்ன வரி என்பது ஒரே ஓர் உண்மை. அதை 17 இடங்களில் எழுதி வைத்திருந்தோம். ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் நிரல் எழுதுவது பற்றி 1999-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியது இதைத்தான்: ஒரு செய்தி ஒரு செயலிக்குள் ஓரிடத்தில் மட்டுமே குடியிருக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் விகிதங்களையெல்லாம் நிரலிலிருந்து எடுத்து ஓர் அட்டவணையில் வைத்தோம். ஒவ்வொரு வரிசையிலும் பொருள் வகை, விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை என்று நான்கே கட்டங்கள். பில் போடும் கணத்தில் அன்றைய விகிதம் பில்லோடு சேர்ந்து பதிவாகிவிடும். பழைய பில்களுக்கும் அவற்றின் தேதியை வைத்து விகிதத்தை நிரப்பினோம். கணக்குப் போடும் வேலை சர்வரில் மட்டும். ப்ரவுசர் கேட்டு வாங்கிக் காட்டும், தானாகக் கணக்குப் போடாது. நூற்றுக்கணக்கான இஃப் கட்டளைகள் போயின.

அந்த உற்சாகத்தில் ஒரு தவறும் செய்தோம். விற்பனை பில்லும் டெலிவரி சலானும் திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இரண்டுக்கும் எதற்குத் தனித்தனி நிரல் என்று ஒன்றாக்கினேன். சலானில் தொகை வேண்டாம் என்றார்கள். ஒரு நிபந்தனை சேர்த்தேன். லாரி எண் வேண்டும் என்றார்கள், இன்னொன்று. ஒரு வருடத்தில் அந்த ஒரே ஃபங்ஷனுக்குள் ஏழு நிபந்தனைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. சலானில் ஓர் எழுத்தை நகர்த்தினால் பில் கலைந்தது. கடைசியில் பழையபடி இரண்டாகப் பிரித்தேன். மொத்த நிரல் கொஞ்சம் நீண்டது, படிக்கிறவருக்கோ பாதி சுமை குறைந்தது. பார்க்க ஒன்றுபோல இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது. எவை ஒரே காரணத்துக்காக மாறுகின்றனவோ அவையே ஒன்றாக இருக்க வேண்டியவை. பில் சட்டம் மாறும்போது மாறுகிறது. சலான் குடோன் ஆட்களின் வசதிக்காக மாறுகிறது.

இன்னொரு பாடம் அரைப் பைசாவில் வந்தது. வரிக் கணக்கின் நடுவில் ஒரு விசித்திரமான வரி இருந்தது. 5 சதவீத வரியை நேராகக் கணக்கிடாமல், முதலில் 2.5 சதவீதம் கண்டுபிடித்து, அதைப் பைசாவுக்கு முழுமையாக்கி, பிறகு இரண்டால் பெருக்கும். சுற்றி வளைக்கிறதே, நேராகவே போடலாமே என்று அதை நீக்கினேன். நிரல் அழகாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் ஒரு கடையின் ஆடிட்டர் கூப்பிட்டார். பில்களில் அங்கங்கே ஒரு பைசா இடிக்கிறது என்றார். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 99 ரூபாய்க்கு 5 சதவீதம் 4.95. ஆனால் பில்லில் மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனியாக அச்சாகின்றன. 2.475 என்பது 2.48 ஆகும், இரண்டு 2.48 சேர்ந்தால் 4.96. நான் வீண் என்று எடுத்தெறிந்த அந்த வரி, யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்த விடை. ஏன் என்று மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை.

அன்றுமுதல், குறைப்பது என்றால் வெட்டுவது என்று நான் நினைப்பதில்லை. ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்தால்தான் அதை எடுக்கும் உரிமை நமக்கு வருகிறது. மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் பழைய நிரல்களைக் கையாள்வது பற்றி எழுதிய நூலில் ஒரு வழி சொல்கிறார்: சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன், இந்த நிரல் இப்போது என்ன செய்கிறது என்பதை டெஸ்ட்டுகளாகப் பதிவு செய்து வைத்துக்கொள். நாங்கள் 2,000 பழைய பில்களை எடுத்துக்கொண்டோம். எந்த மாற்றம் செய்தாலும் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் அத்தனையையும் ஓட்டி, பைசா பைசாவாக ஒப்பிட்ட பிறகே கடைகளுக்கு அனுப்பினோம். அப்போதுதான் தசமப் புள்ளி வைத்துப் பணத்தைக் கணக்கிடுவதே தவறு என்றும் உறைத்தது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். எல்லாத் தொகைகளையும் பைசாவில், முழு எண்ணாக மாற்றினோம். அரைப் பைசா வரி திரும்ப வந்தது. கூடவே 99 ரூபாய் உதாரணமும் மூன்று வரிக் குறிப்பாக அதன் தலைமேல் உட்கார்ந்தது.

காரணம் தெரிந்த பிறகு எடுக்கத் தயங்கவும் கூடாது. ஜி.எஸ்.டி.க்கு முந்தைய வாட் கணக்கு எங்கள் நிரலில் வெகுநாள் அப்படியே கிடந்தது, என்றாவது உதவும் என்று. ஆனால் பழைய நிரல் கிட் (Git) என்ற பதிப்புக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். இறந்த நிரலை உயிருள்ள நிரலோடு வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சாட்சி. 2003-இலேயே பயன்பாட்டிலிருந்து விலக்கிய ஒரு நிரலை அவர்கள் நீக்காமல் விட்டிருந்தார்கள். அதை இயக்கப் பயன்பட்ட அதே அடையாளத்தை 2012-இல் புதிய வேலை ஒன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரல் ஏறவில்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் வந்த நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். இதைப் படித்த வாரமே வாட் நிரலை நீக்கினேன்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நிரலைச் சுத்தம் செய்வதற்கென்று எந்தக் கடைக்காரரும் பணம் தர மாட்டார். ஆனால் பயன்பாட்டில் உள்ள எந்தச் செயலியும் மாறிக்கொண்டேதான் இருக்கும். குறைப்பதற்கென்று ஒருவர் உழைக்காவிட்டால் அதன் சிக்கல் கூடிக்கொண்டே போகும் என்று மென்பொருள் ஆய்வாளர் மெயிர் லேமன் 1970-களிலேயே எழுதிவிட்டார். எங்கள் வழக்கம் எளியது. ஒரு பிழையைத் திருத்த எந்த மூலைக்குப் போகிறோமோ அந்த மூலையை மட்டும் பெருக்கிவிட்டு வருவோம். 'ஃப்ளாக்2' என்ற பெயரைப் பார்த்தால் அது என்னவென்று கண்டுபிடித்து 'வெளிமாநில விற்பனை' என்று மாற்றிவிட்டு வருவோம். வீடு கூட்டுவதுபோல்தான், தினமும் செய்தால் தனியாக நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் மறுபடியும் விகிதங்கள் மாறின. 12-உம் 28-உம் பெரும்பாலும் போய், 5-உம் 18-உம் நின்றன. நெய் 12-லிருந்து 5-க்கு, ஷாம்பு 18-லிருந்து 5-க்கு. 22-ஆம் தேதி, திங்கட்கிழமை, நவராத்திரி தொடங்கும் நாளில் அமல். எங்களிடம் ஓராண்டுக்கு முன் சேர்ந்த பெண்ணிடம் இந்த வேலை போயிற்று. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அட்டவணையில் புது வரிசைகளைச் சேர்த்து, 2,000 பில்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, முடிஞ்சிருச்சு, ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன்" என்றாள். நிரலில் ஒரு வரியைக்கூட அவள் மாற்றவில்லை. என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குச் சீக்கிரமே போனேன். அந்தப் பழைய கடைக்காரரின் கணக்கைத் திறந்து, 1,000 ரூபாய் ஷாம்புக்கான மூன்று பில்களை அச்சிட்டு மேஜைமேல் வரிசையாக வைத்தேன். அன்று காலையில் போட்டது 1,050. 2018-இல் போட்டது 1,180. 2017 அக்டோபரில் போட்டது, அன்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தபடியே, 1,280.