ஜோடி மாறிய வால்வுகள்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

எங்கப்பா மைக் செட் வச்சிருந்தார். கோவில்பட்டி பக்கம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் விடியக்காலையிலேயே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிடுவார். பிள்ளையார் பாட்டு முடிஞ்சதும் அடுத்தது 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் வாசித்த அந்தப் பாட்டுதான். அதைப் போடலைன்னா வீட்டுக்காரங்களே வந்து கேப்பாங்க.

அந்த ஆம்ப்ளிஃபயர் வால்வ் செட். கடைசிக் கட்டத்தில் ரெண்டு ஈ.எல்.34. அப்பா வால்வுகளை ஜோடி ஜோடியாகத்தான் வாங்குவார். வாங்கினதும் அம்மாவின் நகப்பூச்சை எடுத்து அடியில் பொட்டு வைப்பார். ஒரு பொட்டு ஒரு ஜோடி, ரெண்டு பொட்டு இன்னொரு ஜோடி. ஒண்ணு போனா ரெண்டையும் கழட்டிடணும் என்பது அவர் சட்டம். மிஞ்சின ஒத்தை வால்வுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும்.

அப்பா போய் முதல் வருஷம் வந்தது. "திவசம் முடிஞ்சு சாயங்காலம் அந்தப் பெட்டியைப் போட்டு ஒரு பாட்டு கேக்கணும்டா" என்றாள் அம்மா. போட்டுப் பார்த்தால் ஒரு வால்வில் இழை எரியவே இல்லை. டின்னில் இருந்த ஒத்தைகள் எல்லாம் செத்துப் போனவை. ரிச்சி தெருவில் விசாரித்தேன், "வால்வா, சைக்கிளுக்கா?" என்று கேட்டார் ஒருத்தர். நல்ல ஜோடி ஈ.எல்.34 வேணும்னா ஆயிரக்கணக்கில் ஆகும், அதுவும் நாலு நாளில் வராது. கிடாருக்கு ஆம்ப் கட்டும் நண்பன் ஒருத்தன் கையில் ஒரே ஒரு 6எல்6ஜிசி இருந்தது. வாங்கிட்டு வந்துட்டேன்.

சின்ன வால்வுகளை மாத்திப் போடுவதெல்லாம் நம்மாட்கள் சர்வசாதாரணமாகச் செய்வதுதான். ஈ.சி.சி.83 இருந்த இடத்தில் 81, 82 என்று செருகிப் பார்க்கலாம், கால்கள் ஒண்ணுதான். பெருக்கம் மட்டும் 100, 60, 17 என்று இறங்கும். அமெரிக்காக்காரன் 12டிடபிள்யூ7 என்று, ஒரு பாதி 83 மாதிரியும் மறுபாதி 82 மாதிரியும் ஒரே கண்ணாடிக்குள் வச்சே வித்திருக்கான். ஆனால் கடைசிக் கட்டம் அப்படி இல்லை. அங்கே ரெண்டு வால்வும் ஆளுக்கொரு பக்கமாகக் கயிறு இழுக்கின்றன. சரிசமமாக இழுத்தால்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் ஒருவர் மின்னோட்டத்தை இன்னொருவர் ஈடுகட்டுவார்கள், சப்ளையிலிருந்து வரும் உறுமலும் அங்கேயே அடங்கும்.

கால் பொருத்தம் பரவாயில்லை. ஈ.எல்.34க்கு 1, 8 ரெண்டையும் சேர்த்திருப்பாங்க, 6எல்6ஜிசிக்கு அதனால் பாதகம் இல்லை. இழைக்கு 1.5 ஆம்பியர் கேட்ட இடத்தில் இது 0.9தான் கேக்கும். செருகினேன். பாட்டு வந்தது. கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல்.

மூடியின் உள்பக்கம் அப்பா பென்சிலால் "30" என்று எழுதி வச்சிருந்தார். ரெண்டு வால்வின் கேத்தோடும் சேர்ந்து ஒரே 240 ஓம் ரெசிஸ்டரில் இறங்குகின்றன, அதில் இருக்க வேண்டிய வோல்ட். அளந்தால் 30.7. அடடா, சரியாத்தானே இருக்கு! அரைமணி நேரம் வேறெங்கெங்கோ தேடினேன். அப்புறம்தான் உறைச்சது. அந்த ரெசிஸ்டர் காட்டுவது கூட்டுத்தொகை மட்டும்தான், யார் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கேத்தோடிலும் தனியாக 10 ஓம் போட்டு அளந்தேன். ஒண்ணில் 0.48 வோல்ட், இன்னொண்ணில் 0.80. அதாவது அப்பாவின் வால்வ் 48 மில்லிஆம்பியர், புதுசு 80. புது மாப்பிள்ளை மொத்தப் பந்தியையும் தானே காலி பண்ணிட்டிருந்தார் :)

பொது ரெசிஸ்டரைக் கழட்டிட்டு ஆளுக்கொண்ணு போட்டேன். ஈ.எல்.34க்கு 470 ஓம், 6எல்6க்கு 560, ரெண்டுக்கும் தனித்தனி கெபாசிட்டர். (உள்ளே 400 வோல்ட் ஓடுது மக்களே. ஸ்விட்சை அணைச்சாலும் ஃபில்டர் கெபாசிட்டர் மறக்காது. அதைக் காலி பண்ணாமல் கையை விடாதீங்க.) இப்போ முதலில் 29.1 வோல்ட், அடுத்ததில் 34.8. வகுத்துப் பாருங்க, ரெண்டும் 62 மில்லிஆம்பியர். உறுமல் குழாய்க்குள் காதை வச்சால்தான் கேக்குது.

இதோடு சமமாயிடுச்சா என்றால் இல்லை. சும்மா இருக்கும்போதுதான் சமம். கிரிடில் ஒரே அளவு சிக்னல் கொடுத்தால் ஈ.எல்.34 துள்ளுகிற அளவுக்கு 6எல்6 துள்ளாது. ஜோடி சேர்ந்திருந்தால் ரத்தாகிப் போகும் ரெண்டாம் ஹார்மோனிக் இங்கே மிச்சம் நிற்கும். இதைத்தான் சிலர் "வால்வின் இனிமை" என்கிறார்கள். என்னைக் கேட்டால் அது திரிபுதான், காதுக்குப் பிடித்த திரிபு. டிரைவைக் கூட்டிக் குறைத்து அதையும் சரி பண்ண முடியும். ராத்திரி மணி ஒண்ணரை, விட்டுட்டேன்.

மறுநாள் சாயங்காலம் குழாயை மாடியில் வச்சு, செல்போனிலிருந்து அதே பாட்டு. நாகஸ்வரம் எடுத்ததும் எதிர்வீட்டுத் தாத்தா வாசலுக்கு வந்துட்டார். அம்மா பாட்டைக் கேட்டுக்கிட்டே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒண்ணு ஒல்லி, ஒண்ணு குண்டு.

"ரெண்டும் ஒரே மாதிரி இல்லியேடா. அப்பா திட்டுவாரே."

"உறுமல் இல்லம்மா, கேட்டியா?"

பதில் சொல்லலை. பாட்டு முடிஞ்சு, வால்வ் ஆறினதும், உள்ளேபோய் நகப்பூச்சு பாட்டிலை எடுத்துட்டு வந்து என் கையில் கொடுத்தாள். பழையதில் ரெண்டு பொட்டு இருந்தது. புதுசுக்கும் ரெண்டு வச்சேன்.