ஜார்ஜ் மன்னரின் தாடியும் நகைக்கடைத் தராசும்

வெள்ளி விலை ஏற ஏற வீட்டுப் பீரோக்கள் திறக்க ஆரம்பித்துவிடுகின்றன. அறுந்துபோன கொலுசு, மூடி இல்லாத குங்குமச் சிமிழ், குழந்தையின் அரைஞாண்... எல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிச்சாகி நகைக்கடைக்குப் போகின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிச்சுக்குள் சில நேரம் ஒரு பழைய பதக்கமும் போய்விடுகிறது. உருக்கியபின் அது யாருடையது, எதற்காகக் கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இது புதிதாக நடப்பதல்ல. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் ஒரு அவுன்ஸ் ஐம்பது டாலரை நெருங்கியது. (அந்த உச்சத்தைத் தாண்ட 2025 வரை ஆயிற்று.) அந்த ஏற்றத்தின்போது பிரிட்டனில் முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சிப்பாயின் எண்ணும் பெயரும் பொறித்திருந்தது. பதக்கமாக விற்பதைவிட வெள்ளியாக விற்றால் அன்றைக்குக் கூடக் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே போர்ப் பதக்கம் சுமார் 65 லட்சம் வெள்ளியில் அடிக்கப்பட்டது. வெண்கலத்தில் சுமார் 1,10,000 மட்டும். அவை சீன, மால்டா, இந்தியக் கூலிப் படைகளுக்கு. கூலிகளுக்கு வெள்ளி எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ! இன்று சேகரிப்பாளர்கள் அந்த வெண்கலத்துக்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். நகைக்கடைத் தராசில் வைத்தால் அதற்கு ஒரு காப்பி குடிக்கக்கூடக் காசு தேறாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வேலூர்ப் பக்கம் ஒரு வீடு. தாத்தா காலமாகி வருஷம் திரும்பியதும் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து சாமான்களைப் பிரித்தார்கள். நிலத்தில்கூடச் சண்டை வரவில்லை. பிரச்சினை வந்தது தாத்தாவின் தகரப் பெட்டிக்குள் இருந்த ஒரு வட்டமான வெள்ளித் துண்டால். தாத்தாவின் தாத்தா பட்டாளத்தில் சுபேதார், வெள்ளைக்கார ராஜா கொடுத்தது என்று வீட்டில் ஒரு பேச்சு. அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பெரியவர், "உருக்கி மூணு பங்கா எடுத்துக்கலாம், வம்பே இல்லை" என்றார். இளையவர் இணையத்தில் யாரோ இதே மாதிரி ஒன்றுக்கு மூன்று லட்சம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். பி.காம். மூன்றாமாண்டு படிக்கும் மகளின் சி.ஏ. வகுப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது. "இதை வித்தாலே போதுமே" என்று கணக்குப் போட்டார். நடுவில் பிறந்த தங்கை, அதாவது அந்தப் பெண்ணின் அத்தை, விற்கவும் கூடாது உருக்கவும் கூடாது என்று அழுதுவிட்டார். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் புளி போட்டுத் தேய்த்து விபூதியால் பளபளப்பாக்கி வைத்தது அவர்தான்.

மூன்று பேருக்கும் பொதுவான ஒரே விஷயம், அது என்னவென்று மூவருக்கும் தெரியாது. கடைசியில் விசாரிக்கும் பொறுப்பு பி.காம். பெண்ணின் தலையில் விழுந்தது.

முதல் கேள்வி, இது வெள்ளியா? பழைய பதக்கம் என்றதும் நாம் வெள்ளி என்று நினைத்துக்கொள்கிறோம். முடிசூட்டு விழாக்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பதக்கங்களில் பலவும் வெள்ளீயக் கலவையாலோ, வெண்கலத்தாலோ ஆனவை. பிரிட்டனில் தனியார் செய்தவையாக இருந்தால் விளிம்பில் முத்திரை இருக்கலாம்: நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி, நங்கூரம் என்றால் பர்மிங்காமில் சோதித்தது, கூடவே வருடத்தைச் சொல்லும் ஓர் எழுத்து. ஆனால் அரசு நேரடியாகக் கொடுத்த பதக்கங்களில் இந்த முத்திரையைத் தேடிப் பயனில்லை. முத்திரை இல்லாததால் போலி என்று முடிவு கட்டவும் கூடாது.

நகைக்கடையில் உரைகல்லில் தேய்ப்பார்கள். பதக்கத்துக்கு அது ஆகாது, கோடு விழுந்துவிடும். கேரட் மீட்டர் வைத்திருக்கும் கடை என்றால் கீறாமலே சொல்லிவிடுவார்கள், ஆனால் மேல்பூச்சை மட்டும் பார்த்து ஏமாறவும் வாய்ப்புண்டு. வீட்டிலேயே செய்ய ஆர்க்கிமிடீஸ் போதும். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு ஒன்றை அந்தப் பெண் கெமிஸ்ட்ரி படிக்கும் தோழியிடம் இரவல் வாங்கினாள். ரிப்பனைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தை எடை போட வேண்டும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் முங்கும்படி, அடியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். தராசு இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி.

சுத்த வெள்ளிக்கு 10.5 வரும். 92.5 வெள்ளிக்கு 10.3-க்கும் 10.4-க்கும் நடுவில். செம்பின் மேல் முலாம் என்றால் 9-ஐத் தாண்டாது. தகரக் கலவை என்றால் 7.3-ஐ ஒட்டி நிற்கும். அவள் முதலில் ஜார்ஜ் மன்னர் காலத்து ஒரு ரூபாயை வைத்துப் பழகினாள். 11.66 கிராம் எடையுள்ள அது, தண்ணீரில் சுமார் 1.13 காட்டியது, வகுத்தால் 10.3. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி என்று புத்தகம் சொல்வதோடு ஒத்துப்போனது. பதக்கமும் அதே வட்டாரத்தில் வந்தது. வெள்ளிதான்.

(அந்த ரூபாய் பற்றி ஓர் இடைச்செருகல். 1911-இல் வெளிவந்த ஜார்ஜ் மன்னர் ரூபாயில் அவர் அங்கியின் மேல் இருந்த யானை, பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று ரகளையாகி, அடுத்த வருஷமே யானையைத் திருத்தி அடித்தார்கள். "பன்றி ரூபாய்" என்று இன்றும் தேடி வாங்குகிறார்கள். துதிக்கை கொஞ்சம் குட்டையானதற்கு இவ்வளவு மவுசு!)

இரண்டாவது கேள்வி, எந்தப் பதக்கம்? ஒரு பக்கத்தில் கிரீடம் சூட்டிய ஆணும் பெண்ணும், சுற்றிலும் ரோஜாக் கொடி. குறுக்களவு முப்பத்தெட்டரை மில்லிமீட்டர். மறுபக்கம் ஆங்கிலமே இல்லை, முழுக்க வளைந்து வளைந்து போகும் எழுத்து. வீட்டில் அதை உருது என்றே சொல்லி வந்தார்கள். வேலூரில் உருது படிக்கத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஓர் உருது வாத்தியார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இது பார்சிம்மா" என்றார். இந்தியாவின் பேரரசர், பிரிட்டிஷ் நாடுகளின் அதிபதி ஐந்தாம் ஜார்ஜின் தர்பார் என்று பொருள் சொன்னார்.

அதோடு புதிர் அவிழ்ந்தது. 1911 டிசம்பர் 12 அன்று நடந்த டெல்லி தர்பாரின் பதக்கம். கல்கத்தாவிலிருந்து தலைநகர் டெல்லிக்கு மாறும் என்று மன்னர் அறிவித்த அதே தர்பார். 1903-இல் கர்சன் நடத்திய தர்பாருக்கும் இதே அளவில் பதக்கம் உண்டு, ஆனால் அதில் ஏழாம் எட்வர்டின் தலை மட்டும்தான், ராணி கிடையாது. ரிப்பனும் வேறு: 1903-க்கு வெளிர் நீலத்தில் மூன்று அடர்நீலக் கோடுகள், 1911-க்கு அடர்நீலத்தின் நடுவில் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடுகள். லண்டனில் 1911 ஜூன் 22 அன்று நடந்த முடிசூட்டுக்கும் ஒரு பதக்கம் உண்டு, அது 32 மில்லிமீட்டர்தான், பின்னால் தேதி இருக்கும். இரண்டையும் குழப்பி விற்பவர்கள் நிறைய. பெட்டிக்குள் ஒரு மூலையில் கிடந்த நீலத் துணிக் கிழிசலை யாரோ குப்பை என்று போடப் போனதை அத்தைதான் தடுத்திருந்தார். அதுதான் ரிப்பன்.

மூன்றாவது கேள்வி, என்ன பெறும்? இங்கேதான் பி.காம். பாடம் கொஞ்சம் உதவிற்று.

1911 பதக்கம் தங்கத்தில் 200, வெள்ளியில் சுமார் 26,800 கொடுக்கப்பட்டது. அபூர்வம் என்று சொல்ல முடியாத எண்ணிக்கை. அதைவிடப் பெரிய குறை, விளிம்பில் பெயர் இல்லை. போர்ப் பதக்கங்களுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்த மனிதனுக்காக. அவன் எந்தப் படை, எங்கே சண்டை போட்டான் என்பதற்காக. தர்பார் பதக்கம் பெயர் பொறிக்காமலே கொடுக்கப்பட்டது. தனியாக ஏலத்துக்கு வரும் இத்தகைய வெள்ளிப் பதக்கம் பிரிட்டனில் பெரும்பாலும் சில பத்துப் பவுண்டுகளிலிருந்து நூற்றுச் சொச்சம் பவுண்டுகள் வரைதான் போயிருக்கிறது. மூன்று லட்சம் என்று போட்டிருந்தவர் கேட்கிற விலை அது, யாரும் கொடுத்த விலை அல்ல. ஏல நிறுவனங்கள் விற்று முடிந்த விலையை வெளியிடுகின்றன, பார்க்க வேண்டியது அதைத்தான். அதிலும் விற்பவரின் கைக்கு வருவது கமிஷன் போக மிச்சம். சரக்குக் கையிருப்பை மதிப்பிடும்போது விற்பனைச் செலவைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் கணக்கில் எடுக்கிறோம் இல்லையா, அதே கதை.

போதாததற்கு அத்தையின் புளி! நூறு வருஷத்தில் வெள்ளியில் படியும் கருமையைச் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள், அது தேய்க்கப்படாததற்கு அத்தாட்சி. இங்கே ஜார்ஜின் தாடி பாதி காணோம், ராணியின் மூக்கு தட்டையாகிவிட்டது. அன்போடு தேய்த்ததுதான், என்ன செய்ய.

இன்னொன்று சட்டம். 1972-ஆம் வருடத்திய தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத பழமையும் வரலாற்று மதிப்பும் உள்ள பொருள் தொல்பொருள். அதை மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. 1911 பதக்கம் 2011-லேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. (1935-இன் வெள்ளிவிழாப் பதக்கத்துக்கு 2035 வரை நேரம் இருக்கிறது.) ஆக லண்டன் ஏலத்தின் விலையைக் காட்டி இங்கே கணக்குப் போடுவதில் அர்த்தமே இல்லை. நியாய மதிப்பு பற்றிய இந்தியக் கணக்கியல் தரநிலை 113-உம் இதைத்தான் சொல்கிறது: நீங்கள் நுழைய முடிகிற சந்தையின் விலையைத்தான் எடுக்க வேண்டும். தபாலில் போட்டு அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பெரியவரின் மகன் சொன்னான். அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இவ்வளவையும் அவள் ஒரு முழுத் தாளில் எழுதி மூவர் முன்னாலும் வைத்தாள். உருக்கினால் இவ்வளவு, இங்கே ஒரு வியாபாரிக்குக் கொடுத்தால் ஏறக்குறைய இவ்வளவு. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், பெரியவர் எதிர்பார்த்ததைவிடக் கூட, அவள் அப்பா எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு. சி.ஏ. கட்டணத்தில் கால்வாசிகூட இல்லை. அப்பா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "லோன் போட்டுக்கலாம் விடும்மா" என்று எழுந்துவிட்டார்.

தாளின் அடியில் அவள் இன்னொரு வரி எழுதியிருந்தாள். பெயர் இல்லாத பதக்கத்துக்குப் பெயர் கொடுக்கக் காகிதத்தால்தான் முடியும்: பென்ஷன் புத்தகம், படையின் பெயருள்ள கடிதம், பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு நிற்கும் போட்டோ. பெட்டியோடு இவை சேர்ந்து இருந்தால் வாங்குபவருக்கு அது ஒரு குறிப்பிட்ட சுபேதாரின் பதக்கம். இல்லாவிட்டால் 26,800-இல் ஒன்று.

அதைப் படித்துவிட்டு, உருக்கச் சொன்ன பெரியவரே பரணில் ஏறினார். போட்டோ கிடைக்கவில்லை. செல்லரித்த ஒரு பென்ஷன் புத்தகம் கிடைத்தது. பெயரும் பதவியும் தெளிவாக இருந்தன, படையின் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. அத்தை பித்தளை அண்டா இரண்டையும் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பதக்கத்தை எடுத்துக்கொண்டார். இனிமேல் தேய்க்கக் கூடாது என்று அவரிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. தை பிறந்தால்தான் தெரியும் :-)